எட்டு வீட்டுக்கும் ஒரே பூனை

வார லீவில் இருக்கும் ஜீவானந்தத்தை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. இது கோமதியம்மாளுக்குக் கல்யாணமான முதல் வருஷமே தெரியும். ஒரு லீவில் மிக்ஸியைக் கழற்றிச் 'சரி' செய்தார். இன்னொரு லீவில் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டினார். இன்றைக்கும் அந்த வீட்டில் "பதினொண்ணு எடு" என்றால்தான் வெந்தயம் வரும்.

தெரிந்திருந்தும் நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மாவும் பெண்ணும் ஸ்ரீபெரும்புதூர் தையற்கடைக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் ஐஸ்வர்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணைப் பற்றிய விவரமெல்லாம் ஜீவானந்தமே எழுதி அனுப்பி, அவர்களும் ஒரே நாளில் சரியென்று சொல்லிவிட்டார்கள். புதுப் புடவைக்கு ரவிக்கை வாங்கி வந்தாக வேண்டாமா?

வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரகடம் கூட்ரோடு சந்திப்பில் ஷிப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றன. நடுவில் மாட்டிய ஆட்டோ அசையவே இல்லை.

சரியாக அந்த நேரத்தில்தான் எட்டுப் பிள்ளைகள் வடக்குப்பட்டில் ஐஸ்வர்யா டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், மறுநாள் பள்ளியில் படிக்கப்போவதை ஒருமுறை படித்துக் காட்ட, ஆளுக்கொரு கட்டுரையோடு.

அந்த எட்டுக் கட்டுரைக்காக ஐஸ்வர்யா பட்ட பாடு நம் வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் பள்ளியில் அவள் தமிழ் டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் முதல் நாளே 'எங்கள் வீட்டுக் காலை' என்று எழுதச் சொன்னாள். வகுப்பு மொத்தமும் கைடில் இருந்ததை ஒப்பித்து வைத்தது. எல்லார் வீட்டிலும் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான். எல்லார் அன்னையும் இன்முகத்துடன் பால் கொடுத்தாள்.

"உங்க தெருவுல கதிரவன் கையை நீட்டினதப் பார்த்தவங்க யாரு? எழுந்திருங்க" என்றாள் ஐஸ்வர்யா.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"பின்ன, கண்ணு முழிச்சதும் எதப் பார்த்தீங்க?"

"கம்பெனி பஸ் லைட்டு, மிஸ். ஜன்னல் வழியா மூஞ்சில அடிக்கும்."

"அத எழுதுங்க. நீங்க எழுதினதப் பக்கத்து வீட்டுக்காரங்க படிச்சா, 'இது எங்க வீடு இல்லப்பா'ன்னு சொல்லணும். அப்பதான் அது உங்களோடது."

சொல்லிவிட்டாள். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒப்பித்தே பழகிய பிள்ளைகளுக்குத் தன் வாயால் பேசுவதற்கே பயமாக இருந்தது. முதலில் பக்கத்தில் இருப்பவனிடம் கதையாகச் சொல்லச் சொன்னாள். சொன்ன சூடு ஆறுவதற்குள் எழுத வைத்தாள். கட்டுரை ஓரத்தில் 'நல்லது', 'சுமார்' என்றெல்லாம் போடாமல், 'அப்புறம் என்ன ஆச்சு?', 'அப்பா என்ன சொல்லித் திட்டினார்?' என்று கேள்வி கேட்டு வைத்தாள். அடித்து, திருத்தி, மறுபடி எழுதி, ஒரு வழியாக வகுப்பில் எட்டுப் பேருக்கு எட்டுக் குரல் வந்தது.

பள்ளித் தாளாளர் பராசரனுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "பரீட்சையில மார்க்கு வாங்கித் தர்றது கைடும்மா, உங்க கம்பெனி பஸ் இல்லை" என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அந்த எட்டுப் பிள்ளைகள் படிக்கட்டும். நன்றாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் கைடு திரும்பி வரும், ஐஸ்வர்யா எல்.கே.ஜி.க்குப் போய் அ, ஆ நடத்த வேண்டும்.

அந்த எட்டுக் கட்டுரைதான் நேற்று ஜீவானந்தத்தின் கையில் சிக்கியது.

ஜீவானந்தம் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். இருபத்தைந்து வருஷமாக அவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். மேஜையில் ஓகே சாம்பிள் என்று ஒரு உருப்படி இருக்கும். லைனில் வருவதெல்லாம் அதைப் போலவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பாஸ். கொஞ்சம் பிசகினால் ரீவொர்க், அதாவது திருத்தி வரவேண்டும். நிறையப் பிசகினால் சிவப்புத் தொட்டி.

எட்டையும் வாங்கி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு வியர்த்துவிட்டது.

"இன்னா கண்ணு இது? தலைப்பு ஒண்ணு. எட்டும் எட்டு மாரி கீது?"

"மிஸ்தான் அங்கிள் அப்படி எழுதச் சொன்னாங்க."

"அவ சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லிக்கினா. நாளைக்கு வர்றது யாரு? கஸ்டமரு! கஸ்டமர் முன்னாடி எட்டு பீஸு எட்டு சைஸ்ல போனா லாட்டையே திருப்பி அனுப்பிடுவான்."

பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆபத்து வர இருந்தது, நாம் லீவில் இருந்ததால் தப்பித்தாள் என்று அவருக்கு உள்ளூர நெகிழ்ச்சியாகவே இருந்தது. எட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது தமிழ்வாணன் எழுதியதுதான். அதை ஓகே சாம்பிளாக எடுத்து மேஜைமேல் வைத்தார். மற்ற ஏழு பேரையும் உட்கார வைத்து, ஒரு எழுத்து பிசகாமல் அதைப் பார்த்து எழுதச் சொன்னார்.

ப்ரீதி என்கிற பெண் மட்டும் மெதுவாக எழுந்தாள். அவள் அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருக்கிறவர்.

"அங்கிள், இதுல மீன் வருது. எங்காத்துல..."

"டிராயிங்ல இன்னா கீதோ அதான் பீஸ்ல இருக்கணும். ஆபரேட்டர் இஷ்டத்துக்கு மாத்துனா லைன் நின்னுடும். எழுதும்மா."

எழுதினாள். பிள்ளைகள் பெரியவர் சொன்னால் கேட்கிறவர்கள். அதுதானே ஐஸ்வர்யாவுக்கு இத்தனை நாளும் தலைவலி.

அதோடு விட்டாரா? கம்பெனியில் ரிஜெக்ட் ஆன உருப்படி நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்பதால் அதை உடைத்துத்தான் தொட்டியில் போடுவார்கள். அந்த முறைப்படி பழைய ஏழு கட்டுரைகளையும் நாலாகக் கிழித்து, குளியலறையிலிருந்து சிவப்பு பக்கெட்டைக் கொண்டுவந்து போட்டார்.

ஐஸ்வர்யா வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் போயிருந்தார்கள்.

"படிச்சுக் காட்டினாங்களாப்பா?"

"டென்சன் ஆவாத. எட்டும் பாஸ்" என்றார்.

அப்பா பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. சூடாக ஒரு காபி போட்டுக் கொடுத்தாள்.

இனி இன்றைய சனிக்கிழமை.

பள்ளியின் பெரிய கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முன்வரிசையில் பராசரன், நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் கைடு. திங்கட்கிழமைக்கு இப்போதே தயார். மூன்றாம் வரிசையில் ஜீவானந்தம், சலவைச் சட்டையில். அவருக்குப் பக்கத்தில் பெருமாள்சாமி என்கிறவர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. எட்டுப் பேரில் ஒருத்தியான பூஜாவின் அப்பா அம்மா. அந்தத் தம்பதி ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பல வாரம் ஆயிற்றென்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

முதலில் தமிழ்வாணன் வந்தான்.

"எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் போண்டா. அது அப்பாவின் கம்பெனி ஷூவுக்குள்தான் தூங்கும். அப்பா தினமும் மறந்துபோய் அதற்குள் காலை விடுவார். போண்டா கத்தும். அப்பா அதைவிடச் சத்தமாகக் கத்துவார். 'இன்னிக்கி உன்ன ஒரகடம் தாண்டி வுட்டுட்டு வர்றேன்' என்பார். அம்மா பார்க்காதபோது நேற்றைய மீன் துண்டை எடுத்துப் போடுவார். பஸ் ஹாரன் அடிக்கும்வரை அது தின்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்."

கூடம் கொல்லென்று சிரித்தது. தமிழ்வாணனின் அப்பா வெட்கத்தில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பராசரன்கூட கைடால் வாயை மறைத்துக்கொண்டார். ஐஸ்வர்யாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்து சுபஸ்ரீ.

"எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் போண்டா. அது அப்பாவின் கம்பெனி ஷூவுக்குள்தான் தூங்கும்..."

ஐஸ்வர்யா காதைத் தேய்த்துக்கொண்டாள். பிள்ளை பதற்றத்தில் தமிழ்வாணனின் பேப்பரை எடுத்து வந்துவிட்டாள்போல என்று நினைத்தாள். சுபஸ்ரீயின் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏய், உங்கப்பா ஜவுளிக் கடையில கீறாருடி! ஷூ ஏது?"

மூன்றாவது பையன் வந்தான். போண்டாவும் வந்தது. அதற்குள் கூட்டத்தில் பாதிப் பேர் "ஒரகடம் தாண்டி" என்று கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவர் முடிக்கும்போதும் ஜீவானந்தம் மட்டும் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இம்மி பிசகவில்லை.

நாலாவதாக ப்ரீதி. மீன் துண்டு வரும் இடத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவள் அம்மா வேங்கடலக்ஷ்மி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"பெருமாளே! எங்காத்துலயா? இது எங்காம் இல்லவே இல்லை!"

'இது எங்க வீடு இல்ல' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டும் என்றுதான் ஐஸ்வர்யா பாடம் நடத்தினாள். பெற்ற தாயே சொல்லும்படி ஆகிவிட்டது.

பராசரன் எழுந்தார். "என்னம்மா டீச்சர், கைடு வேண்டாம் வேண்டாம்னேளே. இப்போ கைடுக்குப் பதிலா பூனையா?"

ஐஸ்வர்யாவுக்கு அழுகை முட்டியது. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லா முகத்திலும் குழப்பம், ஒரே ஒரு முகத்தில் மட்டும் பெருமை. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்பா... நேத்து என்ன பண்ணீங்க?"

ஜீவானந்தம் எழுந்தார். பெண்ணின் கண் கலங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தார். பெருமை அப்படியே வடிந்துவிட்டது.

"சார், தப்பு பிள்ளைங்க மேல இல்ல. டீச்சர் மேலயும் இல்ல. எட்டு பீஸும் நல்லாத்தான் வந்துச்சு. நான்தான் ரீவொர்க் பண்ணி ஒண்ணா ஆக்கிட்டேன்" என்றார்.

"பழைய பேப்பரெல்லாம் எங்கேப்பா?"

"சிவப்பு பக்கெட்ல."

"முழுசாவா?"

"இல்லம்மா. முறைப்படிதான் போட்டேன்" என்றார் மிகச் சின்னக் குரலில்.

பராசரன் கைடைத் தூக்கிக் காட்டினார். "போகட்டும். திங்கட்கிழமை..."

"சார், ஒரே ஒரு பிள்ளை. பேப்பர் இல்லாம" என்றாள் ஐஸ்வர்யா.

அவர் பதில் சொல்வதற்குள் அடுத்து நின்ற பூஜாவின் கையிலிருந்த தாளை வாங்கிவிட்டாள்.

"எங்கிட்ட முதல்ல கதையா சொன்னியே, அத அப்படியே சொல்லு."

பூஜா மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். "மிஸ், ரெண்டு பேரும் வந்திருக்காங்க மிஸ்."

"வருவாங்கன்னு தெரிஞ்சுதானே எழுதின?"

"யாராவது ஒருத்தர் வருவாங்கன்னு நெனச்சேன் மிஸ். எங்க வூட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயும் வந்ததே இல்ல."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

"எங்க வூட்டுல பூனை இல்ல" என்று ஆரம்பித்தாள். "எங்கப்பா நைட் ஷிப்ட், அம்மா டே ஷிப்ட். வேற வேற கம்பெனி. காலையில அப்பா எறங்குற பஸ்ஸு முன்னாடி நிக்கும், அம்மா ஏறுற பஸ்ஸு பின்னாடி நிக்கும். வூட்டு சாவி அங்கதான் கை மாறும். சண்டை போடவும் அவங்களுக்கு அந்த நேரம்தான். ஆனா ஹாரன் அடிச்சிடுவாங்க. கம்பெனிக்குள்ள போனும் எடுத்துக்கினு போக முடியாது. அதனால மிச்ச சண்டைய எங்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க."

பெருமாள்சாமி ஒரு கண்ணைத் திறந்தார்.

"அப்பா சொல்லுவாரு, 'உங்கம்மாட்ட கேளு, கொழம்பு வச்சாளா, கடல்தண்ணிய மொண்டு ஊத்தினாளான்னு.' நான் அம்மாகிட்ட, 'அப்பா கொழம்பு நல்லா இருந்துச்சுன்னாரு, உப்பு மட்டும் ஒரு கல்லு கூடன்னாரு'ன்னு சொல்லுவேன். அம்மா, 'உங்கப்பன் கையில கரண்டியக் குடுத்து அடுப்பு முன்னாடி நிக்க வையி, அப்ப தெரியும்'பாங்க. நான் அப்பாகிட்ட, 'ஒரு லீவு நாள்ல நீங்க சமைச்சு சாப்புடணும்னு அம்மாவுக்கு ஆசை'ன்னு சொல்லுவேன்."

சிரிப்பில் நாற்காலிகள் ஆடின. பெருமாள்சாமி இரண்டு கண்ணையும் திறந்துவிட்டார்.

"போன மாசம் பெரிய சண்டை. ரெண்டு பேரும் எதுவுமே குடுத்துட்டுப் போகல. சாவிய மட்டும் குடுத்துட்டுப் போனாங்க. வூடே நல்லா இல்ல. அதனால அம்மாகிட்ட, அப்பா சாரி கேட்டாருன்னு சொன்னேன். அப்பாகிட்ட, அம்மா அழுதாங்கன்னு சொன்னேன்."

பூஜாவின் அம்மா கணவன் பக்கம் திரும்பினாள். "அப்போ அந்த சாரி நீ கேக்கலியா?"

"நீ அழவே இல்லையாட்டி?" என்றார் பெருமாள்சாமி. திகைப்பில் சொந்த ஊர்ப் பேச்சு அப்படியே வந்துவிட்டது. "நான் அன்னிக்கு லைன்ல நின்னுக்கிட்டு எம்புட்டு வெசனப்பட்டேன் தெரியுமாட்டி!"

"வெசனப்பட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"அதான் ஹாரன் அடிச்சிருதாம்லா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பூஜா விரலைப் பிசைந்துகொண்டு ஐஸ்வர்யாவைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் கெடச்சா எனக்கு இந்த வேலை போயிடும் மிஸ். போனா பரவால்ல."

ஐஸ்வர்யா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். முன்வரிசையில் பராசரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். கைடு எப்போதோ நாற்காலிக்கு அடியில் போயிருந்தது.

"அடுத்தது யாரு?" என்றார். "கையில இருக்கிற பேப்பரை வாங்கிண்டு அனுப்புங்கோ. அந்த ப்ரீதியையும் மறுபடி கூப்பிடுங்கோ. பாவம், குழந்தைக்கு வாய் கொப்புளிச்ச மாதிரி இருக்கும்."

ப்ரீதி ஓடி வந்தாள். "எங்காத்துல மீன் கிடையாது. ஆனா ஊருக்கே தைரியம் சொல்ற எங்கப்பாவுக்குக் கரப்பான்பூச்சின்னா பயம்" என்று ஆரம்பித்தாள். வேங்கடலக்ஷ்மி மறுபடியும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள், இந்த முறை சிரிப்பு தாங்காமல்.

கூட்டம் முடிந்ததும் பராசரன் ஐஸ்வர்யாவிடம் வந்தார். "ஒன்பதாம் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். பரீட்சையில மார்க்கு குறைஞ்சா மட்டும் நான் பொல்லாதவன்" என்றார். போகிற போக்கில், "உங்க தோப்பனாருக்கு லீவு என்னிக்குன்னு ஆபீஸ்ல எழுதி வச்சுடுங்கோ" என்றும் சொன்னார்.

அப்பாவும் பெண்ணும் பைக்கில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரகடம் வந்ததும் ஜீவானந்தம் மெல்லக் கேட்டார்.

"ரொம்பக் கோவமாம்மா?"

"ஆமா."

"எல்லாம் ஒரே மாரி இருந்தாதாம்மா நல்லதுன்னு இத்தினி வருசம் சம்பளம் வாங்கிக்கினு கீறேன். நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் பண்ணேன்."

"எனக்குத் தெரியும்ப்பா. அதனாலதான் திட்டக்கூட முடியல" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவர் முதுகில் செல்லமாக ஒரு குத்துக் குத்தினாள். ஜீவானந்தத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டு வாசலில் கோமதியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணாங்க. நாளைக்கு வரும்போது பொண்ணு வீணை வாசிக்கிறதக் கேக்கணுமாம். அவங்க வூட்டுக்காரருக்கு வீணைன்னா உசுராம்."

"யாரு வாசிக்கிறத?" என்றாள் ஐஸ்வர்யா.

"உன்னத்தான்" என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "பொண்ணு வீணை வாசிப்பா, மெதுவாப் பேசுவா, பன்னெண்டு வகை கொழம்பு வைப்பான்னு எழுதி அனுப்பினீங்களாமே?"

இரண்டு பேரும் ஜீவானந்தத்தைப் பார்த்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார் மனிதர்.

"கூட வேலை செய்யறவரு பொண்ணுக்கு எழுதினதும்மா. அந்தப் பொண்ணுக்கு ஒரே வாரத்துல முடிஞ்சிடுச்சு. ஓடின சாம்பிளாச்சேன்னு... பேரை மட்டும் மாத்தினேன்."

"அந்த வீணையையாவது அதுலேர்ந்து எடுத்திருக்கலாமேய்யா!" என்றாள் கோமதியம்மாள்.

"டிராயிங்ல இன்னா கீதோ..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஐஸ்வர்யா அம்மாவின் போனை வாங்கி, அந்த எண்ணைத் தட்டி, அப்பாவின் கையில் வைத்தாள்.

"பேசுங்க. எதையும் பார்த்துப் படிக்காம, உங்க பொண்ணு எப்படின்னு உங்க வாயால சொல்லுங்க."

"நானா? எனக்கு எப்படிம்மா..."

"அந்தப் பூஜா சொல்லல?"

மறுமுனையில் "ஹலோ" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஜீவானந்தம் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வணக்கம்மா. ஐஸ்வர்யாவோட அப்பா பேசறேன். என் பொண்ணுக்கு வீணை தெரியாது. நான் பாட்டுக்கு எழுதிட்டேன். மெதுவாப் பேசவும் தெரியாது. கொழம்பும் சுமாராத்தான் வைப்பா."

கோமதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுமுனையில் "ஓஹோ" என்று குரல் இறங்கியது.

ஜீவானந்தம் சுவரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். பார்த்துச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. எதிரே பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெச்சிடாதீங்கம்மா. இன்னிக்கு ஸ்கூல்ல என் பொண்ணு இன்னா பண்ணான்னு சொல்றேன், கேளுங்க."